அக்காவிடம் மிஞ்சியிருந்த சிறுநீரகம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சிவகாசியே கண்ணயர்ந்து கிடக்கும் நேரத்தில்தான் செய்தி வந்தது. நானும் பாதித் தூக்கத்தில் இருந்தேன். கனவென்று சொல்ல முடியாத ஏதோ ஒன்றில், வெள்ளை வெயிலுக்குள்ளிருந்து யாரோ பெயர் சொல்லாமல் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். விழித்துப் பார்த்தால் செல்போன். அக்கா மகள் கீர்த்திகா.

“மாமா, அம்மா எந்திரிக்கவே மாட்டேங்குது. சாப்பிட்டுப் படுத்துச்சு. கூப்பிட்டுப் பாத்தேன், உலுக்கியும் பாத்துட்டேன். கை ஒரு மாதிரி இருக்கு மாமா.”

“எந்தக் கை?” என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேனோ.

“ரெண்டும்” என்றாள்.

அக்கா வீட்டுக்குப் போகும் எம். புதுப்பட்டிச் சாலையில் அன்று ஒரு லாரிகூட இல்லை. பட்டாசுக் கம்பெனிகளின் கதவுகள் பூட்டிக் கிடந்தன. வெயிலில் தார்ச்சாலை தண்ணீராகி எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு போயும் நான் அதைத் தொடவில்லை. பைக்கை நான் ஓட்டினேனா, அது என்னைக் கொண்டுபோனதா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. வலது கை ஆக்ஸிலரேட்டரில் இருந்தது. இடது கை அடிவயிற்றின் வலப்பக்க ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே, தோலுக்கு அடியில், விரலால் தொட்டால் தட்டுப்படும் இடத்தில், அக்காவின் சிறுநீரகம் இருக்கிறது.

வாசலில் கூடியிருந்த பெண்கள் எனக்கு வழிவிட்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது. தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்று பார்க்க வந்த டாக்டர் சொன்னார். அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். யாரோ சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனவள் மாதிரி ஒரு முகம். லாரி ஓட்டும் அத்தான் ஊர்க்காவலன் லோடோடு நாக்பூர்ப் பக்கம் இருந்தார். அவர் வந்து சேரும்வரை அவளைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்த என் உடம்புக்குள் அவளில் ஒரு பங்கு வேலை செய்துகொண்டிருந்தது. அதற்கு யாரும் செய்தி சொல்லவில்லை.

என் அக்கா பாண்டிலட்சுமி பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். சிவப்புத் தாள் சுற்றிய சின்னச் சின்ன வெடிகளின் திரிகளை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்து, நூலில் கோத்துப் பின்னிக்கொண்டே போனால் சரவெடி ஆகும். காலையில் உட்கார்ந்தால் மாலைவரை அதுதான். அவள் விரல்கள் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் என் பை வாரின் நுனியைப் பின்னிவிடுவாள். தூக்கத்தில்கூடச் சுட்டுவிரலும் பெருவிரலும் லேசாக அசைந்துகொண்டிருக்கும். கனவிலும் சரம் பின்னுகிறாளா என்று ஒருமுறை கேட்டேன். “கனவுல மெஷினு பின்னும்லே. நான் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பேன்” என்றாள்.

நூல் சேலைதான் கட்டுவாள். நைலான் உரசினால் பொறி வரும் என்று கம்பெனியில் விடமாட்டார்கள். அறைக்குள் நுழையும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும். உடம்பில் சேர்ந்த மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். அந்தப் பழக்கம் எல்லா வாசல்களுக்கும் அவளோடு போனது. என் வீட்டுக்கு வந்தாலும் நிலையைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

“ஏன்க்கா, எங்க வீடு வெடிச்சிருமா?”

“வீடு வெடிக்காது. உன் வாயி இருக்கே, அதுக்குத்தாம்லே.”

நான் கல்லூரியில் கடைசி ஆண்டு படித்தபோது என் முகம் வீங்க ஆரம்பித்தது. பிறகு கால். பிறகு மூச்சு. இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்று மதுரையில் சொன்னார்கள். கீர்த்திகா அப்போதுதான் தவழ்வதை விட்டு நடக்க ஆரம்பித்திருந்தாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளாகவே டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

“கண்ணு, காது, இதுல ஒண்ணக் கேட்டீகன்னா யோசிப்பேன். இது உள்ள கெடக்கது. அதோட மொகங்கூட எனக்குத் தெரியாது. எடுத்துக்குடுங்க” என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் இருவரிடமும் ஒவ்வொன்று இருந்தது. போனில் அவள் முதலில் கேட்பது, “நம்மாளு எப்படி இருக்கான்?” என்றுதான். என் மனைவியைப் பற்றியோ மகளைப் பற்றியோ அல்ல. “வேலை பாக்குறான். உன் ஆளு?” என்பேன். “அவனுக்கென்ன, ராசா மாதிரி இருக்கான்.” நான் அச்சகத்தில் காலண்டர் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் மாத்திரை விழுங்கினேன். கடைச் சாப்பாடு எனக்கு ஆகாது. பரிசோதனைக்காக விருதுநகர் போகும்போது அக்காவும் வருவாள். திரும்பும் வழியில் எண்ணெய் பரோட்டாக் கடையில் உட்காருவோம். “நீ மோந்து பாரு, நான் திங்கேன்” என்பாள். அந்த மணத்தோடும் அவள் சிரிப்போடும் வீட்டுக்கு வந்து ரசஞ்சோறு சாப்பிடுவேன்.

அவளுக்கு வலி வந்தது மூன்று தீபாவளி சீசன்களுக்கு முன்னால். வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகுவரை இழுக்கும். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். ஒருநாள் காய்ச்சலோடு நடுங்கிக்கொண்டு வந்தாள். பித்தப்பையில் கற்கள், சீழ் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, பையையே எடுத்துவிட வேண்டும் என்றார் விருதுநகர் சர்ஜன். வயிற்றைக் கிழிக்க வேண்டாம், சின்ன ஓட்டைகள் போட்டு கேமரா வழியாகச் செய்துவிடலாம் என்றார். வார்டில் அன்று அந்த ஆபரேஷனுக்கு மட்டும் இரண்டு மூன்று பேர் காத்திருந்தார்கள். சாதாரண விஷயம் என்ற முகத்தோடு எல்லாரும் இருந்தார்கள்.

மயக்க மருந்து டாக்டர் சாலிஹா மட்டும் ஸ்கேனைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். விருதுநகரில் பலசரக்கு வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். சின்னக் குரல், ஆனால் நறுக்கென்று பேசுவார். எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“பாண்டிலட்சுமிம்மா, உள்ள கேமராவும் கருவியும் போக எடம் வேணும். அதுக்காக வயித்துக்குள்ள கேஸ் விட்டு ஊத வைப்போம். கார்பன் டை ஆக்சைடு.”

“பஸ் டயருக்கு அடிக்க மாதிரியா?”

“அம்புட்டு இல்ல. பலூன்னு வச்சுக்கோங்க. ஆனா அந்த கேஸ் உள்ள இருக்கிற வரைக்கும் கிட்னிய அமுக்கும். அதுக்கு ரத்தம் கம்மியாத்தான் போகும். அது மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பட்டினி கெடக்கும். வேலை முடிஞ்சு கேஸை வெளிய விட்டதும் ரத்தம் திடும்னு உள்ள பாயும். அப்பத்தான் தொந்தரவே. அந்த ரத்தத்துல வர்ற ஆக்சிஜன் பட்டினி கெடந்த எடத்தைக் காயப்படுத்திரும்.”

“ஆக்சிஜன் காயப்படுத்துமா?”

“ஆமா. ஒரு வகையில சுட்டுரும்னு சொல்லலாம். ரெண்டு கிட்னி இருக்கவங்களுக்கு ஒண்ணு சோந்தாலும் இன்னொண்ணு பாத்துக்கும். பெரும்பாலும் தெரியக்கூடச் செய்யாது. உங்ககிட்ட இருக்கது ஒண்ணே ஒண்ணு. அதுவும் காய்ச்சல்ல களைச்சுப் போயிருக்கு.”

அக்கா தன் இடது பக்கத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அங்கே யாரோ தூங்குகிறார்கள் என்பதைப் போல.

வயிற்றைத் திறந்து செய்தால் கேஸ் வேண்டாம். ஆனால் பெரிய காயம், மூச்சு இழுக்கக்கூட வலி, ஆறுவதற்கு நாளாகும், அதிலும் சிறுநீரகத்துக்கு வேறு ஆபத்துகள் உண்டு என்றார் டாக்டர். கேமரா வழியாகவே செய்யலாம், ஆனால் கேஸின் அழுத்தத்தை வழக்கத்தைவிடக் குறைத்து வைக்க வேண்டும். நடுவில் ஒருமுறை கேஸை இறக்கிச் சிறுநீரகத்துக்கு மூச்சுவிட அவகாசம் தர வேண்டும். கடைசியில் ஒரேயடியாகத் திறந்துவிடாமல் மெதுவாக விட வேண்டும். உள்ளே இடம் குறுகலாக இருக்கும், நேரம் கூடும், சர்ஜன் அதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்.

“காயம் வராம தடுக்க மருந்து கெடையாதா டாக்டர்?” என்று கேட்டேன்.

“நெறைய மருந்தை வச்சு ஆராய்ச்சி பண்றாங்க. நிச்சயமா இதைக் குடுத்தாத் தப்பும்னு சொல்ல இன்னும் ஒண்ணும் என்கிட்ட இல்ல. அமுக்கத்தைக் கொறைக்கிறது, மெதுவா விடுறது, ரத்தம் வத்தாம பாத்துக்கிறது, இதுதான் நம்ம கையில இருக்கு. அப்புறம் நீங்க மெடிக்கல்ல வாங்கிப் போட்ட வலி மாத்திரை, அது கிட்னிக்கு ஆகாது. அதை இனிமே கண்ணால பாக்கக்கூடாது பாண்டிலட்சுமிம்மா.”

“எதுல செஞ்சா சீக்கிரம் ஒக்காந்து சரம் பின்னலாம்?”

“கேமராவுல.”

“அப்ப அதுலயே செய்ங்க.”

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும்தான் அவள் மனதில் இருந்தது வந்தது. என்னைப் பார்க்காமல், எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“ஏலே தனுசு, இது நின்னு போச்சுன்னா நீ சும்மா இருக்க மாட்ட. திருப்பித் தாரேன்னு வந்து நிப்ப.”

“அதெல்லாம் கழட்டித் திருப்பி மாட்ட முடியாதுக்கா.”

“டாக்டருக எதையுஞ் செய்வாக. நீ காலப் பிடிச்சுக் கேட்டா செஞ்சிருவாக. உனக்குப் புள்ள இருக்கு. அதனால எனக்கு இது நிக்கவே கூடாது. பாத்துக்க.”

தனக்குப் பயமாக இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. அவளுடைய பயம் முழுவதும் என் வயிற்றைச் சுற்றியே நின்றது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை கம்பெனி ஃபோர்மேன் சங்கிலிமுத்து அண்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். வெடிமருந்துக் கலவை அறை முழுவதும் அவர் பொறுப்பு. நாற்காலியில் உட்காரும் முன்பே பேச்சு ஆரம்பித்துவிடும்.

“ஏத்தா, நல்லாப் படுத்திருக்கியே! அங்கன ஆர்டரு குமிஞ்சு கெடக்கு. உன் எடத்துல ஒருத்திய ஒக்கார வச்சேன். அவ பின்னுன சரம் வெடிக்குதோ இல்லையோ, சடை போட நல்லா இருக்கும்.”

“சிரிப்புக் காட்டாதீக அண்ணே, வலிக்கு.”

அக்கா அவரிடம் டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தாள். கார்பன் டை ஆக்சைடு, அமுக்கம், கடைசியில் ஆக்சிஜன். சங்கிலிமுத்து அண்ணன் கண்களை மூடித் தலையாட்டிக்கொண்டே கேட்டார். தீப்பாதுகாப்புப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர் அவர்.

“டாக்டரம்மா சரியாத்தான் சொல்லியிருக்கு. நம்ம பயிற்சியில என்ன சொன்னாக? கார்பன் கேஸ் அணைக்கிற ஆளு. ஆக்சிஜன் எரிக்கிற ஆளு. நம்ம வெடிமருந்துக்குள்ளயே ஆக்சிஜன் கெடக்கதுனாலதான் கேஸ் அடிச்சு அணைக்க முடியாதுன்னாக. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“அம்புட்டுதான். அணைக்கிற ஆளை உள்ள விடுறாக. வேலை முடிஞ்சதும் எரிக்கிற ஆளு உள்ள பூந்துராம பாத்துக்கணும். நீ உஷாரா இருந்துக்க.”

பக்கத்துக் கட்டில்காரம்மாகூட ஆமாம் என்று தலையாட்டினாள். எங்கள் ஊர்ப் பக்கம் ஆக்சிஜனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மூட்டை மூட்டையாக வரும் வெடியுப்பில் இருப்பது அதுதான். எத்தனையோ பேரைக் கொண்டுபோனதும் அதுதான்.

மறுநாள் காலை அவளை உள்ளே கொண்டுபோனார்கள். பச்சைத் துணிக்குள் அவள் சின்னவளாகத் தெரிந்தாள். கதவு ஆடி ஆடி நின்றது.

காத்திருந்த நேரத்தை என்னால் நேரமாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு ஜன்னல் இருந்தது, அதற்கு வெளியே ஒரு வேப்பமரம். இலைகள் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. கண்ணை மூடினால் அக்காவின் வயிறு மெல்ல எழும்பியது. கூடாரத் துணிக்குள் காற்றுப் போவதைப் போல, சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விலகி, உட்பக்கம் பெரிதாகி, அங்கே ஒரு விளக்கு எரிந்தது. சிவந்த மண்டபம் ஒன்று. அதன் தூண்களுக்கு நடுவே கருவிகள் நீளமான கால்களோடு நாரைகளைப் போல நடந்தன. எங்கேயோ பின்னால், திரைக்கு அந்தப் பக்கம், அந்தச் சிறுநீரகம் இருட்டில் வெளிறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. நானும் பிடித்துக்கொண்டேன். என் வயிற்றின் ஓரத்தில் இருந்ததும் அப்படியே நின்றுவிட்டதாகத் தோன்றியது. இரண்டும் ஒரே வயிற்றில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்து வளர்ந்தவை. ஒன்று நீருக்குள் மூழ்கினால் கரையில் இருக்கும் மற்றொன்றுக்குத் தெரியாமலா போகும்? வேப்பமரம் தண்ணீருக்கு அடியில் நிற்பதைப் போல ஆடியது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, அந்தக் கூடாரம் தாழ்ந்தது. துணி மடிந்து மடிந்து தரையில் அமர்ந்தது. யாரோ தோளைத் தொட்டார்கள்.

“முடிஞ்சிருச்சு. பையை எடுத்தாச்சு. நல்லா மெதுவாத்தான் கேஸை விட்டோம்” என்றார் டாக்டர் சாலிஹா. அவர் நெற்றியில் தொப்பியின் தடம் பதிந்திருந்தது. “இனி யூரின் வரணும். அதுதான் நமக்குப் பதில்.”

மத்தியானம் தாண்டி அக்காவை மயக்கம் தெளிய வைத்திருந்த அறைக்குள் என்னை விட்டார்கள். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாஸ்க். கட்டிலுக்குக் கீழே சிறுநீர்ப் பை தொங்கியது. குழாயில் ஒரு சொட்டு நின்றிருந்தது. பை காலியாக இருந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். சுவரிலிருந்து தன் முகத்துக்கு வரும் குழாயைப் பார்த்தாள்.

“என்னது இது?”

“ஆக்சிஜன்க்கா.”

கையைத் தூக்கி மாஸ்க்கைப் பிடுங்கினாள்.

நர்ஸ் ஓடிவந்து மறுபடி மாட்டினாள். அக்கா மறுபடி பிடுங்கினாள். விரலில் மாட்டியிருந்த கருவி கூவ ஆரம்பித்தது. திரையில் எண் இறங்கியது. “என்னக்கா சின்னப்புள்ள மாதிரி!” என்று நர்ஸ் அதட்டினாள். நான் மாட்டப் போனால் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சரம் பின்னும் கை. அந்தப் பிடியை விடுவிக்க என்னால் முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. வாயைக்கூட இறுக்கி மூடியிருந்தாள், காற்றும் உள்ளே வந்துவிடாதபடி.

“எரிக்கிறவன்… சுட்டுருவான்” என்றாள் பல்லிடுக்கில்.

டாக்டர் சாலிஹா உள்ளே வந்தபோது அறையே கூவிக்கொண்டிருந்தது. “யாரு மாஸ்க்கை எடுத்தது?”

“நாந்தான். நீங்கதானே சொன்னீக, ஆக்சிஜன் கிட்னியச் சுடும்னு. சொல்லிட்டு நீங்களே தாறீக. நான் மயக்கத்துல இருந்தா என்ன, எனக்குத் தெரியாதா?”

டாக்டர் அக்கா பக்கம் திரும்பினார். தான் சொன்ன சொல்லே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தன்னைப் பார்ப்பதைப் போல நின்றார். பிறகு நர்ஸை நகரச் சொல்லிவிட்டு அக்காவின் தலைமாட்டில் குனிந்தார்.

“சொன்னேன். அது காஞ்சு கெடந்த எடத்துக்கு ரத்தம் திடும்னு பாயுறப்ப. அதைத்தான் மெதுவா விட்டுத் தாண்டியாச்சு. இப்ப நீங்க மூச்சைப் பிடிச்சா கிட்னி மறுபடி பட்டினி. ஒரு தடவை கெடந்து எந்திரிச்சதைத் திரும்பவும் படுக்கப் போடுறீங்க. யூரின் வரலை, பாத்தீங்களா? அது ஆக்சிஜன் கேக்குது.”

“எம்புட்டு கேக்குது?”

அக்கா விடவில்லை. மூச்சு வாங்க, துண்டு துண்டாகக் கேட்டாள்.

“லிமிட்டு… என்ன? எங்க கம்பெனியில… ரூமுக்கு இம்புட்டுத்தான் மருந்துன்னு… கதவுக்கு மேல எழுதிப் போட்டிருப்பாக. அதுக்கு மேல… ஒரு கரண்டி வைக்க விடமாட்டாக. இதுக்கு என்ன லிமிட்டு? யாரு பாக்கா?”

டாக்டர் சாலிஹா சுவரைக் காட்டினார். அங்கே ஆக்சிஜன் வரும் இடத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. அதற்குள் சின்ன உருண்டை ஒன்று அந்தரத்தில் மிதந்தது.

“அந்த உருண்டை எவ்வளவு ஏறுதோ அவ்வளவு போகுது. உங்க விரல்ல இருக்கது எவ்வளவு வேணும்னு சொல்லும். தொண்ணூத்தஞ்சு வந்துட்டா நானே கொறைப்பேன். உங்க கண் முன்னாடி. தேவைக்கு மேல ஒரு துளி தரமாட்டேன். சரியா?”

அக்கா குழாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “ஏலே, நீ அந்த உருண்டையப் பாத்துக்கிடு. ஏறுச்சுன்னா சத்தம் குடு” என்றாள். மாஸ்க்கைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கூவல் நின்றது. எண் ஏறியது. சொன்னபடியே டாக்டர் திருகைக் கொஞ்சம் மூடினார், உருண்டை தாழ்ந்தது. அக்கா மாஸ்க்குக்குள்ளிருந்து தலையை அசைத்தாள், ஒரு சரக்கு சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறவளைப் போல. வயிற்றில் ஆபரேஷன், ஆனால் வலிப்பது தோள்பட்டை என்றாள். மிச்சமிருக்கும் கேஸ் அப்படித்தான் செய்யும் என்று டாக்டர் சொன்னார்.

நான் உருண்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே தண்ணீர்க் குப்பியில் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. உருண்டை நடுங்கும், ஆனால் விழாது. எதன் மேல் நிற்கிறது என்று பார்த்தால் ஒன்றுமில்லை. பார்க்கப் பார்க்க அறையும் கட்டிலும் நாங்களும் அதைப் போலவே எதன் மேலும் இல்லாமல் நிற்பதாகத் தோன்றியது. ஜன்னலில் வெயில் மஞ்சளானது. அக்காவின் விரல்கள் போர்வை நூலைத் தேட ஆரம்பித்தன. நர்ஸ் குனிந்து எதையோ பார்த்துவிட்டு, “வருது” என்றாள்.

குழாயில் நின்றிருந்த சொட்டு நகர்ந்துவிட்டது. அதன் பின்னால் இன்னொன்று. சாயங்கால வெளிச்சத்தில் தேன் நிறத்தில் ஒரு கோடு இழைந்து பைக்குள் இறங்கியது. நான் அதைப் போல அழகாக எதையும் பார்த்ததில்லை.

செய்தி கேட்டுச் சங்கிலிமுத்து அண்ணன் வந்தபோது அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“உங்க பேச்சைக் கேட்டு நானே சாகப் பாத்தேன் அண்ணே.”

“நான் கலவைக்குச் சொன்னேந்தாயி. நீயா கலவை?”

“எம் புருசங்கிட்டக் கேளுங்க, சொல்வாரு.”

சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய உப்பு முதல் சில நாட்கள் ரத்தத்தில் கூடி எங்களைப் பயமுறுத்திவிட்டுப் பிறகு இறங்கியது. பழைய அளவுக்கு முழுவதும் வரவில்லை. கொஞ்சம் மேலேயே நின்றது. “லேசா அடி பட்டிருக்கு, பொழைச்சுக்கிச்சு” என்றார் டாக்டர் சாலிஹா. காயம் ஆறியதும் அக்கா சரம் பின்னப் போனாள். வலி மாத்திரையைத் தொடவில்லை. முதுகு வலித்தால் சுவரில் சாய்ந்து நின்று, “நம்மாளுக்காகப் பாக்கேன்” என்பாள். எந்த நம்மாள், அவளிடம் இருந்ததா என்னிடம் இருந்ததா என்று நான் கேட்டதில்லை. ஒவ்வொரு சீசன் முடிந்ததும் நாங்கள் இருவரும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனோம். என்னுடைய எண் அவளுடையதைவிட நன்றாக இருந்தால் அவளுக்குச் சந்தோஷம் தாங்காது. “என் சரக்குல்ல!” என்பாள் லேப் பெண்ணிடம்.

இப்போது யாராவது கேட்டால், அக்காவின் சிறுநீரகம் கடைசிவரை நிற்கவில்லை என்று சொல்வேன். இதயம்தான் நின்றது. அவள் பயந்த அந்த நாள் வரவே இல்லை. எதையும் திருப்பித் தருகிறேன் என்று நான் போய் நிற்கும்படி அவள் வைக்கவில்லை. இதில் ஆறுதல் இருக்கிறதா என்று சில நேரம் யோசிப்பேன். அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தால் அங்கே வெதுவெதுப்பாக இருக்கும்.

அவள் இறப்பதற்கு முந்தின மாதப் பரிசோதனையில் சிறுநீரக டாக்டர் அவளிடம், இந்த முறை ரத்தம் மட்டும் போதாது, ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரையும் சேர்த்துக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார். லேபில் வெள்ளைக் கேன் ஒன்று கொடுத்தார்கள். அக்கா வாரா வாரம் தள்ளிப்போட்டாள். “கம்பெனிக்கு இந்தக் கேனைத் தூக்கிட்டுப் போனா சங்கிலிமுத்து அண்ணன் இதுக்கும் லிமிட்டு கேப்பாரு. லீவு நாளாப் பாத்து ஆரம்பிக்கேன்” என்று போனில் சிரித்தாள்.

காரியமெல்லாம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது கீர்த்திகா குளியலறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். “மாமா, இதை என்ன செய்ய?”

அந்த வெள்ளைக் கேனின் மூடியை அக்கா இறுக்கித் திருகி, வெயில் படாத மூலையில் வாளிக்குப் பின்னால் வைத்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் ஆரம்பித்திருக்கிறாள். திங்கட்கிழமை விடிந்ததும் போவதையும் சேர்த்தால்தான் ஒரு நாள் முழுமையாகும் என்று லேபில் சொல்லியிருந்தார்கள். கேனில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.